ஏழு பாட்டும் ஒரு கடைப் பேரும்

சனிக்கிழமை, காலை 6.40

தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போகும் தனியார் பஸ்ஸில், ஜன்னலோரமாக, சார்ஜன்ட் சிவஞானம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். டிக்கட் எடுக்கவில்லை. காக்கிச் சட்டை மாட்டிய நாளிலிருந்து எந்தக் கண்டக்டரும் அவரிடம் டிக்கட் கேட்டதில்லை; ஏன் கேட்கவில்லை என்று அவரும் எந்தக் கண்டக்டரையும் விசாரித்ததில்லை. பொலிஸ் வாழ்க்கையில் அவர் துப்புத் துலக்காமல் விட்ட ஒரே விஷயம் அதுதான் என்று சொல்ல ஆசைதான். துலக்காதவை இன்னும் நிறைய இருந்தன.

தூக்கம் போதாததற்குக் காரணம் வீட்டுக்காரி ரெங்கம்மா. விடிவதற்கு முன்பே அடுப்படியில் போனை வைத்து அம்மன் பாட்டுப் போட்டுவிடுவாள். அமுக்கிய அடுத்த நொடி, முன்னுரை முகவுரை இல்லாமல், அம்மன் நேரே வந்து நின்றுவிடும். அந்த வீட்டில் கூப்பிட்ட உடனே வருவது அம்மன் ஒருத்திதான்.

பஸ் பாட்டு அப்படி வராது. முதலில் காமில் வருவார்.

“காமில் கொமியூனிகேஷன், பதுளை!”

பஜாரில் ஒரு சின்னக் கடை வைத்து, மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற மனுஷன் காமில். புதுப் படத்துப் பாட்டு வெளிவந்து ஈரம் காய்வதற்குள் அவர் கடையில் இருக்கும். யார் எழுதினாலும், யார் தொண்டை கிழியப் பாடினாலும், முன்னால் காமில் வந்து தன் கடைப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வழி விடுவார். ஊவா மாகாணம் முழுக்க ஓட்டோவிலும் பஸ்ஸிலும் அந்தக் குரல் கேட்டுக் கேட்டு, அது இல்லாமல் பாட்டு ஆரம்பித்தால் ஏதோ பழுது என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டது ஊர்.

அன்றும் அந்தக் குரல் வந்தது. பிறகு ஒரு பெண் பாடினாள்.

‘கொழுந்து மல காத்திருக்கும் எங்க ஆத்தா, நீ
கண்ணசந்தா நாங்க எங்க போவோம் ஆத்தா...’

“பஸ்ஸ நிப்பாட்டுங்க!”

சிவஞானம் திடுக்கிட்டு விழித்தார். நடுப் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நாகமலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர் ஜெயந்தினி. அவள் வாய் மூடியிருக்க, அவள் குரல் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்தது.

“யாரு குடுத்தா ஒங்களுக்கு? இது நாளைக்குத் தேருலதான் வெளிய வரணும். அதுவரைக்கும் ஒருத்தர் காதுலயும் விழக்கூடாதுன்னு பாட்ட வாங்குற கொழும்புக் கம்பெனிக்காரங்க சொல்லியிருக்காங்க!”

“நேத்து வட்ஸ்அப்புல வந்துச்சு தங்கச்சி,” என்றார் டிரைவர். “ஏழு பாட்டும் வந்துருக்கு. நல்லா இருக்கேன்னு போட்டேன்.”

“நல்லா இருந்தா எடுத்துக்கலாமா? ஒங்க பஸ்ஸும்தான் நல்லா இருக்கு. நான் ஓட்டிக்கிட்டுப் போகவா?”

“ஏம்மா, காலங்காத்தால ஒரு பாட்டுக்கா இந்தக் கத்து?” என்றது பின் சீட்டு. “வேலைக்குப் போகணும், பஸ்ஸ எடு!”

அவள் திரும்பினாள். பார்வை நேரே காக்கிச் சட்டையில் வந்து குத்தியது.

“சேர், நீங்க பொலிஸ்தானே? தூங்குறீங்க?”

“தூங்கல,” என்றார் சிவஞானம், வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே. “கண்ண மூடி யோசிச்சிக்கிட்டு இருந்தேன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜெயந்தினி சிரிக்கவில்லை.

காலை 8.00

பஸ் பதுளைக்கு வருவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. காமிலின் கடைக் கதவு வளைந்து கிடந்தது. கண்ணாடிப் பெட்டி சல்லி சல்லியாகியிருந்தது. நாகமலைப் பொடியன்மார் காமிலைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேசன் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். முன்னால் நின்று கத்தியவன் விஜேந்திரன். ஏழு பாட்டுக்கும் மெட்டுப் போட்டவன்.

ஸ்டேசன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. வெளியே கூட்டத்தைப் பார்த்தார், உள்ளே காமிலைப் பார்த்தார், கடைசியில் சிவஞானத்தைப் பார்த்தார்.

“பின்னேரத்துக்குள்ள வேற ஆள் கிடைச்சா சரி. இல்லாட்டி இவரை நீதவான்கிட்ட அனுப்புறேன். வெளிய விட்டா கொன்னுபோடுவாங்க.”

சிவஞானம் கதவைச் சாத்தினார். காமிலின் உதடு வீங்கியிருந்தது. சட்டையில் மூன்று பொத்தானைக் காணோம்.

“நீங்க ஏத்துனீங்களா?”

“சேர், நான் கள்ளன்தான். இல்லேங்கல்ல. ஒலகத்துல ஈக்கிற பாட்டெல்லாம் வித்தீக்கேன். ஒங்க போனுக்கும் நான்தான் ஏத்தித் தந்தேன்.”

“அத விடுங்க,” என்றார் சிவஞானம் அவசரமாக.

“இந்த ஏழ மட்டும் நான் தொடல்ல. அல்லாஹ்மேல சத்தியம்.”

“ஒலகத்தையே திருடுனவர் ஏழு பாட்ட மட்டும் விட்டு வச்சேன்னா யார் நம்புவா?”

“அதுதான் சேர் நானும் யோசிக்கிறேன். நானே நம்பமாட்டேன்.”

சிவஞானத்தின் போனுக்கும் மச்சான் ஒருத்தன் மூன்றாவது பாட்டை அனுப்பியிருந்தான். கல்யாணப் பாட்டு. போட்டுக் காட்டினார்.

“இது யார் கொரல்?”

“கடப் பேரு சொல்றது நான்தான்.” காமிலின் முகம் செத்துப்போனது. “எப்பிடி வந்திச்சின்னு தெரியல்ல.”

“பாட்டு ஒங்க கைக்கு வந்ததா?”

“வந்திச்சு. அதையும் மறைக்கல்ல. வியாழக்கெழம விஜேந்திரன் பென் டிரைவோட வந்தாரு, பேனர் அடிக்கணும்னு. பாட்டும் அதுலதான் ஈந்திச்சு. கொழும்புல செஞ்ச டிசைனாம், அவரும் அப்பதான் மொதல்ல பாக்கிறாரு. தொறந்து காட்டினேன். ஒரு வார்த்த பேசல்ல. அடிக்க வேணாம்னு சொல்லிட்டு, பென் டிரைவ உருவிட்டுப் போய்ட்டாரு.”

“டிசைன்ல என்ன இருந்துச்சு?”

“அந்தத் தங்கச்சிட மொகம். கீழ பெருசா அவட பேரு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல சேர்.”

காலை 9.15

விஜேந்திரன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“என்னங்க சேர் விசாரணை? பாட்டுலயே அவன் பேரு இருக்கு. திருட வந்தவன் வீட்டுச் செவுத்துல பேர எழுதிட்டுப் போயிருக்கான். இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?”

“கடைய ஒடைச்சது யாரு?”

“ஊரு.”

“ஊருக்குப் பேர் இருக்குமே.”

“மொத மொத நாங்க போட்ட சீடிய இவன்தான் வித்தான். நாங்க தேருல விரிச்சு வச்சோம், ஒருத்தன் வாங்கல. ‘காமில் கடையில ஏத்திட்டோம்’னு எங்க மூஞ்சிக்கு முன்னாலயே சொல்லிட்டுப் போனானுங்க. அன்னைக்கு வராத பொலிஸு இன்னைக்குக் கடைய ஒடைச்சதும் வருதா?”

சிவஞானம் தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அந்தச் சீடிப் பாட்டும் அவர் போனில்தான் இருந்தது.

“பேனர் என்னாச்சு?”

“அவன்கிட்ட குடுத்தேன். இன்னும் அடிச்சுத் தரல.”

அந்த நேரம் விஜேந்திரனின் பையில் போன் அடித்தது.

“காமில் கொமியூனிகேஷன், பதுளை!” டுர்ர்ரென்று ஓர் உறுமி அடி. அதற்குள் அவன் அமுக்கிவிட்டான்.

வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“ஒங்க போனே அவருக்கு விளம்பரம் பண்ணுதே தம்பி,” என்றார் சிவஞானம்.

“பழைய பாட்டு. எல்லார்கிட்டயும்தான் இருக்கு,” என்றான் விஜேந்திரன், காது சிவக்க.

காலை 10.30

ஒலிப்பதிவு செய்தவர் பார்த்தீபன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டூடியோ வைத்திருந்தார். பொலிசைக் கண்டதும் அவருக்கு முகம் மலரவில்லை.

“முடிஞ்ச பிரதி ஒண்டைத்தான் குடுத்தனான். விஜேந்திரனுக்கு. என்ர கம்பியூட்டரில இன்டர்நெட்டே இல்லை, வேணுமெண்டால் பாருங்கோ. காமிலைத்தானே பிடிச்சிருக்கிறியள்? நல்லது. பத்து வருசத்துக்கு முந்திப் பிடிச்சிருக்க வேணும். பாட்டைச் சும்மா எடுக்கிறவன் எங்கட சோத்தில மண் போடுறவன்.”

“சரிங்க. இந்தப் பாட்டெல்லாம் கலக்குற சொப்ட்வெயார் இருக்கே, அது காசு குடுத்து வாங்கினதா?”

பார்த்தீபன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

“அது... எல்லாரும் பாவிக்கிறதுதானே.”

“எல்லாரும்தாங்க,” என்றார் சிவஞானம். “அதுதான் எனக்குக் கை விலங்கு பத்தல.”

கிளம்பும்போது பார்த்தீபன் கூப்பிட்டார்.

“ஒரு நிமிசம். களவாப் போன பாட்டை நானும் கேட்டனான். கடைப் பேர் சொல்லி முடியேக்க, சின்னதா ஓர் உறுமி அடி கேக்குது. ஏழு பாட்டிலையும் அதே அடி. நான் செய்த பாட்டில உறுமியே இல்லை.”

சிவஞானம் போனைக் காதில் அழுத்திக் கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது விஷயத்தில் அவர் பரம்பரை ஏழை. பார்த்தீபன் ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டார். அப்போது கேட்டது. டுர். கதவிடுக்கில் மாட்டிய வால் மாதிரி.

பகல் 12.45

ஸ்டேசனுக்கு எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் வடையும் பிளேன்டீயும் வைத்துக்கொண்டு அவர் வெளியே பார்த்தார். வாசல் கூட்டம் குறையவில்லை. கூடியிருந்தது. ஒருத்தன் கையில் தடி வைத்திருந்தான். இன்னொருத்தன் நேரம் போகவில்லை என்று போனில் பாட்டுப் போட்டான். “காமில் கொமியூனிகேஷன், பதுளை!” என்றது போன். அதைக் கேட்டுக்கொண்டே, “அவன வெளிய விடு!” என்று கத்தினான் அதே பயல்.

ரெங்கம்மாவிடமிருந்து போன் வந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“வடை.”

“அது சாப்பாடா? நாளைக்குத் தேரு. மாவிளக்குக்கு இடிக்கணும், வெல்லம் வாங்கிட்டு வாங்க. கேக்குதா?”

முழுதாகக் கேட்கவில்லை. அவள் பின்னால் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. ஓர் அம்மன் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அது முடிந்து இன்னொன்று.

“ரெங்கம்மா, கோயில் பாட்டெல்லாம் எங்க ஏத்துறாங்க?”

“இது என்ன கேள்வி? நம்ம போன்ல இருக்கிறதும் அதுதான். எல்லாம் காமில் பாய் கடையிலதான்.”

சிவஞானத்தின் வடை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“வெல்லம்!” என்றாள் ரெங்கம்மா.

“வாங்குறேன்,” என்றார் அவர். முழு வடையையும் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

பின்னேரம் 4.30

ஓ.ஐ.சி.யின் அறை. மேசைக்கு ஒரு பக்கம் காமில். மறு பக்கம் விஜேந்திரன், பார்த்தீபன், ஜெயந்தினி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொழும்புக் கம்பெனி மத்தியானமே ஜெயந்தினிக்குப் பதில் சொல்லிவிட்டது: ஊரே கேட்ட பாட்டு தங்களுக்கு வேண்டாம்.

சிவஞானம் முதல் பாட்டைப் போட்டார். காமிலின் குரல் கடைப் பேரைச் சொன்னது. ஆத்தாளுக்குத் தாலாட்டு தொடங்கியது.

காமில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“சேர்! இது சாமிப் பாட்டு!”

“ஆமாங்க. ஏன்?”

“நான் சாமிப் பாட்டுல பேர் போடமாட்டேனே!”

“அதத்தான் எல்லாருக்கும் சொல்லுங்க.”

காமில் தயங்கினார். “ஒருக்கா போட்டேன் சேர், கட தொடங்கின புதுசுல. அந்த வருசம் தேர். ஆயிரம் சனம், சூடம் கொளுத்தி, அரோகரா சொல்லி, தேர் அசையிற நேரம். ஸ்பீக்கர்ல என் கடப் பேரு. மொத்த சனமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிது, என் கடய.” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கூசிப் போய்ட்டேன். அன்னைக்கே சொன்னேன், கோயில்ட ஆகட்டும், பள்ளிட ஆகட்டும், புத்த பன்சலைட ஆகட்டும், தொழுற பாட்டுல நம்ம பேரு வரக்கூடாதுன்னு. இன்னைக்கு வரைக்கும் போட்டதில்ல.”

“காலையில எங்க வீட்டு ரெங்கம்மா போட்ட பாட்டுல இவர் வரல,” என்றார் சிவஞானம். “பகல் கோயில்ல போட்ட பாட்டுலயும் வரல. வருசக் கணக்கா தினமும் கேக்குறேன், எனக்கே இன்னைக்குத்தான் ஒறைச்சுது. ஆனா பஸ்ஸுல வந்த இந்த ஆத்தா பாட்டுல மட்டும் வந்தாரு. அப்ப இது அவர் வேலை இல்ல. அவர் கொரல வேற பாட்டுல இருந்து வெட்டி, ஏழுலயும் ஒட்டிட்டாங்க. சாமிப் பாட்டு எது, கல்யாணப் பாட்டு எதுன்னு பாக்காம.”

“ஆர்?” என்றார் பார்த்தீபன்.

“ஜெயந்தினி, விஜேந்திரனுக்கு ஒரு கோல் எடுங்க.”

“எதுக்கு? இங்கதானே நிக்கிறான்?”

“எடுங்கம்மா.”

விஜேந்திரனின் கை பைக்குள் போனது. கொன்ஸ்டபிள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். போன் அடித்தது.

காமில் கொமியூனிகேஷன், பதுளை. டுர்ர்ர்.

சிவஞானம் ஆத்தா பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டார்.

காமில் கொமியூனிகேஷன், பதுளை. டுர்.

மறுபடி போன். மறுபடி பாட்டு. அந்த அறையில் இப்போது சிவஞானத்தின் காதுக்கே கேட்டது.

“அதே அடி,” என்றார் பார்த்தீபன் மெதுவாக. “வெட்டேக்க வாலையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்.”

“முடிஞ்ச பாட்டு ரெண்டு பேர்கிட்டதான் இருந்துச்சு,” என்றார் சிவஞானம். “பார்த்தீபன்தான் இந்த அடிய எனக்குக் காட்டுனாரு. தன் தலையில தானே மண்ண அள்ளிப் போடமாட்டாரு. மத்தவர் நீங்க. பேனர் இன்னும் அடிச்சுத் தரலன்னு சொன்னீங்க. அடிக்க வேணாம்னு சொன்னதே நீங்கதான். அந்தப் பேனர்ல என்ன இல்ல தம்பி?”

விஜேந்திரன் கொன்ஸ்டபிளின் கையை உதறினான்.

“என் பேரு இல்ல!” அறை அதிர்ந்தது. “ஏழு மெட்டும் என்னுது. கொழுந்து நிறுக்குற எடத்துல நின்னு, லயத்து வீட்டுக் கூரையில மழை விழுறதக் கேட்டு நான் போட்ட மெட்டு. அவ மொகம், அவ பேரு. நான் எங்க? விக்கத்தானே எடுத்துக்கிட்டுப் போறீங்க, விக்கவே முடியாமப் பண்றேன்னு ஊருக்கே சும்மா குடுத்தேன். என் பாட்ட நான் குடுத்தா அது திருட்டா? சொல்லுங்க சேர், எந்தச் சட்டம்?”

அந்தக் கேள்விக்குக் கொழும்பில் பெரிய வக்கீல்மார் இருக்கிறார்கள். சிவஞானம் வெல்லம் வாங்கப் போகவேண்டிய ஆள்.

“மெட்டு ஒங்களோடதுதான். அவ தொண்டையுமா ஒங்களோடது?” என்றார். “அதையும் கோர்ட்டு பாத்துக்கட்டும். இவரு ஒதடு கிழிஞ்சிருக்கு பாருங்க, அது யாரோடது?”

ஜெயந்தினி எழுந்தாள்.

“அந்த டிசைன நானும் பாத்தேன். அன்னைக்கே கம்பெனிக்குச் சொன்னேன், ஒன் பேரு போடாட்டி நான் மேடை ஏறமாட்டேன்னு. புதுசா ஒண்ணு செஞ்சு அனுப்புறோம்னாங்க. தேருல ஒனக்குக் காட்டலாம்னு இருந்தேன்.” குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?”

விஜேந்திரன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

அவள் காமில் பக்கம் திரும்பினாள். “நீங்க ரொம்பச் சிரிக்காதீங்க. எங்க மொத சீடியக் கொன்னது நீங்கதான். ஒங்க பேரப் பாட்டுக்குப் பாட்டு சொன்னீங்களே, பாடுனவ பேர ஒரு தடவ சொன்னீங்களா?”

காமில் சிரிக்கவே இல்லை. வீங்கிய உதட்டோடு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“இனி இந்தப் பாட்ட யாரும் காசு குடுத்து வாங்கப்போறதில்ல. ஓடுறது ஓடட்டும். ஆனா முன்னால ஒங்க கடப் பேரு வரக்கூடாது. என் பேரு வரணும். மெட்டுன்னு அவன் பேரும் வரணும்.” விஜேந்திரனைப் பார்க்காமலே சொன்னாள். “அவன் மூஞ்சில இனி நான் முழிக்கமாட்டேன். அது வேற.”

வாசலில் கூட்டம் இன்னும் நின்றது. சிவஞானம் படியில் இறங்கி, இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. தடிக்காரன் முன்னால் வந்தான்.

“அவன் திருடன்தானே சேர்?”

“ஆமா. அவர்கிட்ட திருட்டுப் பாட்டு வாங்குனவங்களையும் இன்னைக்கே எழுதிக்கச் சொல்லியிருக்காங்க. எல்லாரும் போன எடுங்க. ஒவ்வொண்ணா போட்டுப் பாப்போம். கடைய ஒடைச்ச கணக்கையும் அப்பிடியே முடிச்சிரலாம். மொதல்ல நீங்க வாங்க.”

தடிக்காரனுக்கு மாடு கட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்றவனுக்குக் கடைசி பஸ். சற்று நேரத்தில் வாசலில் தடி மட்டும் கிடந்தது.

திங்கட்கிழமை, காலை 6.40

அதே பஸ், அதே ஜன்னல். பாட்டு மாறும் இடத்தில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. காமிலின் மகள் ஸில்மியா. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் போகிறவள்.

“பாடியவர் ஜெயந்தினி. மெட்டு விஜேந்திரன். நாகமலைத் தோட்டம்.”

பிறகு கல்யாணப் பாட்டு. கடைப் பேர் வரவில்லை. பின் சீட்டில் யாரோ, “ஓ, நம்ம டீச்சரா!” என்றார்கள்.

சிவஞானம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“தம்பி, பதுளை ஒண்ணு.”

கண்டக்டர் அவரைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். “என்னங்க சேர், ஏதும் செக்கிங்கா? எல்லாருக்கும் டிக்கட் போட்டுட்டேன்.”

“எனக்குப் போடல. குடு.”

டிக்கட்டை வாங்கிச் சட்டைப் பையில், போனுக்குப் பக்கத்தில் வைத்தார். உடனே போன் கனத்தது. அதற்குள் இருக்கிற பாட்டையெல்லாம் என்ன செய்வது என்று தீவிரமாக யோசிக்கத் தொடங்கினார்.

அதற்குள் பதுளை வந்துவிட்டது.